ஹால் நேரம்

என் அக்காள் புருஷன் சிவகுருநாதன் வாழ்நாளில் ஒரு தவறும் செய்யாதவர். இது என் அபிப்பிராயம் அல்ல, அவருடையது. அவர் குடையை மறந்துவிட்டுப் போய் நனைந்தால் தவறு மழையுடையது. பஸ்ஸைத் தவறவிட்டால் பஸ் முன்னதாக வந்துவிட்டது என்று அர்த்தம்.

பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் ஓர் அமெரிக்கக் கம்பெனியில் அத்தானுக்கு டெக்னீஷியன் வேலை. மற்றவர்கள் செய்து அனுப்பும் எலெக்ட்ரானிக் சில்லுகளைச் சோதித்து, ஆகாததை ஒதுக்க வேண்டும். பிறர் குற்றத்தைக் கண்டுபிடிக்கச் சம்பளமும் கொடுக்கிறான் என்றால் அவர் ஏன் வேறு வேலை தேடப்போகிறார். வீட்டு வாசல் பலகையில் மட்டும் 'எஞ்சினியர்' என்று எழுதியிருந்தது. கடலுக்கு அக்கரையில் பிறை என்ற ஊரில் குமாஸ்தாவாக இருந்த நான் ஒரு தடவை அதைச் சுட்டிக்காட்டினேன். "நான் எஞ்சினியர் இல்லன்னா அது கம்பெனியோட தப்பு லா, பரம்" என்றார்.

எங்கள் யாழ்ப்பாணத்துச் சங்கத்துக்கு ஜார்ஜ் டவுனில் ஒரு ஹால் உண்டு. கல்யாணம், கூட்டம், ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு எல்லாம் அங்கேதான். மேடைக்கு மேலே ஒரு பழைய பெண்டுலம் கடிகாரம் தொங்கியது. அதற்கு ஒரு நல்ல குணம் இருந்தது. வேண்டியபோது பின்னால் போகும். மாப்பிள்ளை வீட்டார் தாமதம், ராகு காலம் நெருங்குகிறது என்றால் சங்கத் தலைவர் ஐயாத்துரை ஒரு நாற்காலியைப் போட்டு ஏறுவார். ஓய்வு பெற்ற தலைமைக் குமாஸ்தா, எதையும் அவசரப்படாமல் செய்பவர். பெரிய முள்ளை விரல் நுனியால் கால்மணி பின்னுக்குத் தள்ளிவிட்டு இறங்கி, வேட்டியைச் சரிசெய்துகொள்வார். கீழே இருநூறு பேர் கையில் கடிகாரம் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். நல்ல நேரத்தில் தாலி ஏறும், எல்லாருக்கும் வயிறு நிறையும்.

அத்தானுக்கு இது பொறுக்கவில்லை. எழுபத்தொன்பதாம் வருஷத்துப் பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று, "நம்ம தலைவர் நேரம் திருடறாரு" என்று சொல்லிவிட்டார். ஐயாத்துரை அசையவில்லை.

"அப்ப நீங்க ஒரு கடிகாரம் செஞ்சு குடுங்க தம்பி. யாரும் கை வைக்க முடியாத மாதிரி" என்றார்.

கேலியாகத்தான் சொன்னார். அத்தான் அதைத் தீர்மானமாக்கிக் குறிப்பேட்டில் எழுதவைத்துவிட்டு உட்கார்ந்தார்.

அடுத்த நான்கு மாதம் அக்காள் தவமணி வீட்டில் சாப்பாட்டு மேசையில் யாரும் சாப்பிடவில்லை. மேசை முழுக்க வரைபடம். அத்தான் எனக்கு விளக்கினார். கேட்டேனா என்று பார்க்காமல் விளக்கினார். உள்ளே ஒரு சின்னப் படிகக்கல். மின்சாரம் பட்டால் அது விநாடிக்கு முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று அறுபத்தெட்டுத் தடவை துடிக்கும். அந்த எண் ஏன் அப்படிக் கோணலாக இருக்கிறது என்று கேட்டேன். "பதினஞ்சு தடவை பாதியாக்கிப் பாரு" என்றார். தட்டுக்குப் பக்கத்தில் பென்சிலை வைத்துக்கொண்டு பாதியாக்கிக்கொண்டே போனேன். ஒன்று வந்து நின்றது. உள்ளேயும் அதேதான் நடக்கிறது: ஒவ்வொரு படியும் தன்னிடம் வரும் துடிப்பில் பாதியை விழுங்கிவிட்டு மிச்சத்தை அடுத்ததற்குத் தள்ளிவிடும். பதினைந்தாவது படியில் விநாடிக்கு ஒரே ஒரு துடிப்பு மிஞ்சும். அதை அறுபது எண்ணினால் நிமிஷம், நிமிஷத்தை அறுபது எண்ணினால் மணி, அதை இருபத்துநான்கு எண்ணினால் நாள், நாளை ஏழு எண்ணினால் கிழமை. உண்மையைச் சொல்கிறேன், அது அழகாக இருந்தது. அந்த மனிதரின் மண்டைக்குள் இவ்வளவு சுத்தமான ஒரு விஷயம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

ராகு காலம் அவருடைய சொந்தச் சேர்க்கை. திங்கள் ஏழரை முதல் ஒன்பது, வெள்ளி பத்தரை முதல் பன்னிரண்டு என்று பஞ்சாங்கத்தில் கிடந்ததை எடுத்து, கிழமையும் மணியும் இரண்டும் பொருந்தினால் மட்டும் திறக்கிற கதவுகளாக்கிச் சில்லுகளில் போட்டார். கதவு திறந்தால் கடிகாரத்துக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு எரியும். கதவு மூடினால் அணையும். ராகுவுக்கு இவ்வளவு ஒழுங்கான குமாஸ்தா அதற்கு முன் கிடைத்திருக்க மாட்டார்.

வரைந்தது அத்தான். ஈயம் வைத்து ஒட்டியதெல்லாம் அவர் மகள் ஞானாம்பிகை. அவளும் ஃபேக்டரிதான், வேறொரு கம்பெனியில் போர்டு பரிசோதிக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கத்துத் தமிழ் வகுப்பும் அவள்தான் எடுத்தாள். அப்போது அவளுக்கு இருபத்தேழு வயது. கை நடுங்காது, பேச்சும் குறைவு. அந்த வீட்டில் அவளுக்குப் பேச இடமும் இல்லை. வரைபடத்தை முழுக்கப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள்.

"திருத்தறதுக்கு ஒரு பித்தான் வேணாமாப்பா? கொஞ்சம் ஃபாஸ்டா போனா?"

"அது ஏன் போகப் போவுது?"

"எங்க கம்பெனியில அது இல்லாம ஒரு போர்டும் வெளிய போகாதுப்பா."

"உங்க கம்பெனி தப்பு பண்ற கம்பெனி" என்றார் அத்தான்.

அதனால், மணியை எண்களால் காட்டும் அந்தக் கடிகாரத்தில் தள்ள முள்ளும் கிடையாது, எண்களை மாற்ற வழியும் கிடையாது. பெட்டிக்குள் தொடங்கிவைக்கும் பித்தான் ஒன்றே ஒன்று. அதை அழுத்தினால் கடிகாரம் ஞாயிற்றுக்கிழமை நண்பகல் பன்னிரண்டு என்று எழுந்திருக்கும், அவ்வளவுதான். ஆகவே ஞாயிறு பன்னிரண்டு மணிக்குத்தான் அதைத் தொடங்கலாம். பெட்டிக்குப் பூட்டு, பூட்டின் சாவி அத்தானின் இடுப்பில். மின்சாரம் நின்றால் ஓட மோட்டார்சைக்கிள் பேட்டரி.

கடிகாரம் ஏறிய பிறகு ஹாலின் போக்கே மாறிப்போனது. சிவப்பு எரிந்தால் பேச்சாளர் பாதி வாக்கியத்தில் நின்றார். ஒருவர் தன் காடிக் கதவைத் திறந்தபடி, காருக்குள் ஏறாமல், ஒன்றரை மணி நேரம் வாசலில் நின்றதை நானே பார்த்தேன். முன்பு ராகு காலம் எப்போது என்று பாதிப் பேருக்கு நினைவிருக்காது, நிம்மதியாக இருந்தார்கள். இப்போது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஐயாத்துரை தன் நாற்காலியை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு ஞாயிறும் பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது அத்தான் ஒரு வானொலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குள் வருவார். நேரச் சமிக்ஞை ஒலிக்கும். கடிகாரத்தின் நடுவே விநாடிக்கு விநாடி இமைக்கும் புள்ளியும் அதோடு சேர்ந்தே இமைக்கும். இரண்டு வருஷத்தில் ஒரு விநாடி பிசகவில்லை. "பாத்தியா பரம்? ஒரு செக்கண்ட் கூட பிசகல" என்பார். தமிழ் வகுப்பு முடிந்து புறப்படும் பிள்ளைகளையும் நிறுத்திவைத்துச் சொல்வார். நான் வெறுத்துப்போனேன். தவறு செய்யாத மனிதரோடு வாழ்வதே கஷ்டம். அதற்கு அத்தாட்சி வேறு சுவரில் தொங்கினால் என்ன செய்வது.

எண்பத்திரண்டு பிறந்தபோது அரசாங்கம் நாட்டின் நேரத்தையே அரை மணி முன்னால் தள்ளியது. எங்கள் ஹாலில் மட்டும் அதைப் பற்றி மூன்று கூட்டம் நடந்தது. ராகுவும் அரை மணி தள்ளிப்போவாரா, அல்லது சூரியனோடு பழைய இடத்திலேயே இருப்பாரா? ஒரு கட்சி பழைய நேரம், ஒரு கட்சி புது நேரம், பயந்த சுபாவமுள்ளவர்கள் இரண்டையும் சேர்த்து இரண்டு மணி நேரம் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. அத்தான் முதல் ஞாயிறு புது நேரப் பன்னிரண்டுக்குக் கடிகாரத்தை மறுபடி தொடங்கிவைத்து, "ராகு கடிகாரம் சொல்றத கேப்பாரு" என்று முடித்துவிட்டார்.

ஞானாம்பிகையின் கல்யாணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலில் வந்த வரன் அத்தானால் போனது. மாப்பிள்ளையின் தகப்பனார் ஜாதகத்தில் போட்ட கூட்டல் தப்பு என்று அவர் கையிலிருந்த பேனாவை வாங்கியே திருத்தினார். இரண்டாவதும் அத்தானால்தான் போனது. மாப்பிள்ளை படித்த படிப்பில் எத்தனை சூத்திரம் மறந்துபோயிருக்கிறது என்று பெண் பார்க்க வந்த இடத்தில் பரீட்சை வைத்தார். மூன்றாவது அக்கரையிலுள்ள நிபோங் திபாலிலிருந்து வந்தது. மாப்பிள்ளை பள்ளி ஆசிரியர், ஞானத்தோடு இரண்டு தடவை பேசிச் சிரிக்கவும் சிரித்தார். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. தகப்பனார் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக இருந்தவர். ராகு காலத்தில் ஊசி போட மாட்டார் என்று பெயர் வாங்கியவர். ஹாலைப் பார்க்க வந்தவர் சிவப்பு விளக்கைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"இந்த மாதிரி இடத்தில சம்பந்தம் வைக்கணும்" என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார். "ஒண்ணு மட்டும். இந்த விளக்கு எரியிறப்ப தாலி ஏறக்கூடாது. எரிஞ்சிட்டா நாங்க திரும்பிப் போய்டுவோம். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக்கூடாது."

"எரியாது" என்றார் அத்தான். தன் மகளைக் கட்டிக்கொள்வதற்கு மாப்பிள்ளை வீட்டார் சொன்ன காரணம் தன் கடிகாரம் என்பதில் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

தைப்பூசத்துக்குச் சில நாளே இருந்த ஒரு வெள்ளிக்கிழமை. முகூர்த்தம் ஒன்பதே முக்காலிலிருந்து பத்தரை வரை. பத்தரைக்கு ராகு. ஒன்பது மணிக்கு ஹால் நிறைந்துவிட்டது. ஒன்பதரை ஆயிற்று, பத்து ஆயிற்று, மாப்பிள்ளை வரவில்லை. பத்தே காலுக்கு அலுவலக அறையில் டெலிபோன் அடித்தது, நான் எடுத்தேன். மாப்பிள்ளையின் தம்பி அக்கரைப் பட்டர்வொர்த் ஜெட்டியிலிருந்து பேசினான். தைப்பூசக் கூட்டம், காடி வரிசை ஒரு மைல், ரொம்ப சூசா, கஷ்டம், இன்னும் ஃபெரியில் ஏறவே இல்லை என்றான். இனி எப்படி வந்தாலும் பதினொன்று ஆகும்.

அத்தானிடம் சொன்னேன். அவர் முகம் வெளுத்ததைப் பார்த்து முதலில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது, மறைக்க மாட்டேன். அடுத்த நிமிஷம் ஞானத்தின் நினைவு வந்து, கடிகாரத்துக்கு மேலிருந்த பல்பைப் பார்த்தேன்.

"பல்பைக் கழட்டிடலாமா அத்தான்?"

"கழட்டினா? மணி பத்தரைன்னு கண்ணுக்குத் தெரியுமே."

"அப்ப பிளக்க புடுங்கிடுங்க."

"பேட்டரி இருக்கு" என்றார். அந்த நிலைமையிலும் அவர் குரலில் ஒரு துளி பெருமை இருந்தது.

அப்போது அக்காள் வந்து, ஞானம் எங்கள் இருவரையும் கூப்பிடுவதாகச் சொன்னாள். மேடைக்குப் பின்னால் பெண்ணை அலங்கரிக்கும் அறை. மற்ற நாட்களில் அதில்தான் தமிழ் வகுப்புச் சாமான்கள் இருக்கும். ஞானம் முழு அலங்காரத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். அக்காளை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, சுவரோரத்து அலமாரியைக் காட்டினாள்.

"அத தொறங்க மாமா. சாக்பீஸ் டப்பாவுக்குப் பின்னால."

திறந்தேன். டப்பாவை நகர்த்தினால் சுவரிலிருந்து ஒரு ஒயர் வந்து, நுனியில் அழைப்புமணிப் பித்தான் ஒன்று தொங்கியது.

"அழுத்திட்டே இருந்தா துடிப்பு உள்ள போகாதுப்பா" என்றாள் ஞானம். "கடிகாரம் நின்னுக்கும். விட்டா ஓடும்."

அத்தான் பித்தானைப் பார்த்தார். அவர் வரைபடத்தில் இல்லாத ஒன்று உலகத்தில் இருப்பதை அப்போதுதான் பார்க்கிறார் போலும்.

"இது எதுக்கு?"

"வாரத்துக்கு முப்பது செக்கண்ட் ஃபாஸ்டா ஓடுதுப்பா. ஞாயித்துக்கிழமை நீங்க ரேடியோ கொண்டாறதுக்கு முன்னாடி நான் நிறுத்திப் புடிச்சு சரி பண்ணிடுவேன்."

"எத்தனை நாளா?"

"ஏத்துன நாள்லேருந்து."

நான் சிரித்திருக்க வேண்டும். இரண்டு வருஷம் கேட்ட பெருமைக்கு வட்டியோடு சிரித்துத் தீர்த்திருக்கலாம். சிரிப்பு வரவில்லை.

"என் கடிகாரத்தை நிறுத்தச் சொல்றியா?" என்றார் அத்தான். "ஐயாத்துரை பண்ணத நான் பண்ணனுமா?"

"எனக்கு முப்பது வயசாகப் போகுதுப்பா" என்றாள். குரல் உயரவில்லை. "இவங்க மூணாவது. எனக்கு அவரைப் புடிச்சிருக்கு."

வெளியே நாதஸ்வரக்காரர் என்ன வாசிப்பது என்று தெரியாமல் வாசித்ததையே திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார். அத்தான் அலமாரிக்கு முன்னால் போய் நின்றார். பட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். தலையையும் ஒரு தோளையும் உள்ளே நுழைத்து, பித்தானை அழுத்தினார். நான் மேடைப் பக்கம் ஓடிவந்து பார்த்தேன். மணி பத்து இருபத்தொன்று. நடுவில் இருந்த புள்ளி இமைக்கவில்லை.

அடுத்த முக்கால் மணி நேரம் பினாங்கிலேயே எங்கள் ஹாலில் மட்டும் மணி பத்து இருபத்தொன்றாக இருந்தது. இருநூறு பேர். எல்லார் கையிலும் கடிகாரம். ஒருவர் தன் கடிகாரத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கடிகாரத்தை உதறிக் காதில் வைத்துப் பார்த்தார், பிறகு சட்டைக் கைக்குள் மறைத்துக்கொண்டார். "இன்னும் நேரம் இருக்குது" என்று ஒருவர் பக்கத்திலிருந்த அம்மாளிடம் சொன்னார். அந்த அம்மாளும் "ஆமாமா" என்றார். கைப்பிள்ளைகள் மட்டும் நேரம் ஆனதைச் சொல்லி அழுதார்கள்.

பதினொன்று ஐந்துக்கு மாப்பிள்ளை வீட்டுக் காடிகள் வாசலில் நின்றன. டிரஸ்ஸர் வியர்த்து விறுவிறுக்க உள்ளே வந்து, முதல் காரியமாக மேடைக்கு மேலே பார்த்தார். விளக்கு எரியவில்லை. மணி பத்து இருபத்தொன்று. தன் கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இது பழைய நேரமா, புது நேரமா?"

பக்கத்தில் நின்ற ஐயாத்துரை நிதானமாகப் பதில் சொன்னார். "இது ஹால் நேரம்."

டிரஸ்ஸர் கொஞ்சம் யோசித்தார். அவருக்கும் வீட்டில் கல்யாணமாகாத மகன், செலவழிந்த சாப்பாடு, வாசலில் ஐம்பது உறவுக்காரர். தன் கைக்கடிகாரத்தின் திருகை இழுத்து, முள்ளைப் பத்து இருபத்தொன்றுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "புது நேரம் வந்ததிலேருந்து ஒண்ணும் சரியில்ல" என்று சொல்லியபடி மேடைக்கு நடந்தார்.

இனி ஒரு சிக்கல். கன்னிகாதானத்துக்குத் தகப்பன் வேண்டும். குருக்கள் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். நான் உள்ளே போனபோது அத்தான் அலமாரிக்குள்ளிருந்தார், வலது கட்டைவிரல் வெளுத்திருந்தது. நான் பிடிக்கிறேன் என்று சொல்லமுடியாது. தாய்மாமனுக்கும் மேடையில் வேலை இருக்கிறது. அப்போது ஐயாத்துரை கதவைத் திறந்துகொண்டு வந்தார். இமைக்காத புள்ளியை முக்கால் மணி நேரமாக அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அலமாரியைப் பார்த்தார், அத்தானின் முதுகைப் பார்த்தார். துண்டை இடுப்பில் கட்டினார்.

"நகருங்க தம்பி" என்றார். "இது எனக்குப் பழக்கமான வேலை."

அத்தான் விரலை எடுத்தார், ஐயாத்துரை விரலை வைத்தார். ஒரு விநாடிகூடப் போகவில்லை. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

பதினொன்று நாற்பதுக்கு, நட்ட நடு ராகு காலத்தில், கெட்டிமேளம் முழங்கத் தாலி ஏறியது. அத்தான் அழுதார். ஐயாத்துரை பந்தி தொடங்கிய பிறகே வெளியே வந்தார். புள்ளி இமைக்க ஆரம்பித்தது. ஒன்பது நிமிஷம் கழித்து மேடைக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. டிரஸ்ஸர் பாயசக் கிண்ணத்தோடு அதை நிமிர்ந்து பார்த்து, "ஜஸ்ட்ல தப்பிச்சோம்" என்றார். சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் மனதாரத் தலையாட்டினார்கள்.

மறுநாள் ஞானம் நிபோங் திபாலுக்குப் போய்விட்டாள். ஞாயிறு பதினொரு மணிக்கு நான் ஹாலுக்குப் போனேன். அத்தான் கடிகாரத்தை மறுபடி தொடங்கிவைக்கும்போது அவர் மூஞ்சியைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. அவர் எனக்கு முன்பே வந்து அந்த அலமாரியைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். கதவின் உட்பக்கத்தில் சாக்பீஸால் எழுதிய எண்கள், மேலிருந்து கீழாக வரிசை வரிசையாக, வாரத்துக்கு ஒன்று. முப்பது. இருபத்தொன்பது. முப்பத்தொன்று. முப்பது. நூற்றுக்கும் மேல் இருந்தது. அத்தனையும் ஞானத்தின் கையெழுத்து.

"ஒரு சின்னக் கப்பாசிட்டர் போட்டா ஃபாஸ்டா ஓடறது நின்னுடும்" என்றார் அத்தான், என்னைப் பார்க்காமல். "வாரம் முப்பதுன்னா எவ்வளவு போடணும்னு கணக்கு வந்துடும்." சட்டைப் பையிலிருந்து அதை எடுத்தும் காட்டினார், பொட்டுக்கடலை அளவு இருந்தது. வாங்கித் தயாராக வந்திருக்கிறார்.

அவர் அதைப் போடவில்லை. அன்றைக்குத் தொடங்கிவைத்ததோடு சரி. இன்று வரை, எட்டு வருஷமாக, ஞாயிறு பதினொரு மணிக்கு அந்த அறைக்குள் போகிறார். கதவைச் சாத்திக்கொள்கிறார். ஒருமுறை சந்து வழியாகப் பார்த்தேன். அலமாரிக்குள் கையை விட்டபடி, உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டிருந்தார். பிறகு சாக்பீஸை எடுத்து அவள் எழுதிய கடைசி எண்ணுக்குக் கீழே வளர்ந்திருந்த தன் வரிசையில் ஒன்றைச் சேர்த்தார்.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வானொலிப் பெட்டியோடு வெளியே வருகிறார். சமிக்ஞை ஒலிக்கிறது, புள்ளி கூடவே இமைக்கிறது.

"பாத்தியா பரம்? ஒரு செக்கண்ட் கூட பிசகல."

"பிசகல அத்தான்" என்கிறேன்.